பீம்சேன் ஜோஷி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிந்துஸ்தானி பாட்டை நண்பர்களோடு உட்கார்ந்து கேட்பது எங்களுக்கு நெடுநாள் பழக்கம். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த யாராவது புதிதாக வந்தால் பெரும்பாலும் ஹிந்துஸ்தானி வாய்ப்பாட்டுக்காரர் பீம்சேன் ஜோஷியில்தான் தொடங்குகிறோம். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் அநேகமாக ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

"மிலே சுர் மேரா தும்ஹாரா"வில் முதல்ல பாடுவாரே, அவர்தானே?

அவரேதான். தேச ஒற்றுமையைப் பற்றிப் பல மொழிகளில் பாடிய அந்தப் பாட்டு 1988 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷனில் முதலில் ஒளிபரப்பானது. பைரவி ராகத்தில் அமைந்த அந்தப் பாட்டைத் தொடங்கி வைப்பது பீம்சேன் ஜோஷியின் குரல். தமிழ் வரியைப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா.

அப்போது ஜோஷிக்கு வயது 66. அதற்குள் நாற்பது வருடங்களுக்கு மேல் மேடையில் பாடியாகிவிட்டது. நம்மில் பலருக்கு அவர் அந்தச் சில விநாடிகளாகவே மனதில் நின்றுவிட்டார். அதை வைத்து அவர் பாட்டை எடை போட்டுவிடாதீர்கள்.

பேர் மராத்தி மாதிரி இருக்கு, கன்னடப் பாட்டும் பாடுறார். எந்த ஊர்க்காரர்?

1922 பிப்ரவரி 4 அன்று வட கர்நாடகத்தில் ரோண் என்ற ஊரில் பிறந்தவர். அன்று தார்வாட் மாவட்டம், இன்று கதக் மாவட்டம். வீட்டில் கன்னடம். அப்பா குருராஜ் ஜோஷி பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகள் மொத்தம் 16 பேர், இவர் மூத்தவர். வாழ்வின் பெரும்பகுதி புனேயில் கழிந்தது, காலமானதும் அங்கேதான்.

அந்த தார்வாட், ஹூப்ளி பக்கம் ஒரு விசேஷமான மண். மல்லிகார்ஜுன் மன்சூர், கங்குபாய் ஹங்கல், பசவராஜ் ராஜகுரு, குமார் கந்தர்வா என்று பெரிய ஹிந்துஸ்தானிப் பாடகர்கள் எல்லாம் வட கர்நாடகத்துக்காரர்கள். மராத்தி நாடகக் கம்பெனிகள் அந்த ஊர்களில் சுற்றிக்கொண்டே இருந்தன. அதோடு மைசூர் தசரா தர்பாருக்குப் போகிற வடக்கத்திப் பாடகர்களுக்குப் போகிற வழியும் அதுதான். வழியில் தங்குவார்கள், பாடுவார்கள், சிலர் சொல்லியும் கொடுப்பார்கள். கன்னடம் பேசுகிறவர்கள் ஹிந்துஸ்தானி பாடுவது இப்படித்தான் வேர் பிடித்தது.

நெய் ஊத்தலைன்னு கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டு ஓடினாராமே, நிஜமா?

ஓடியது நிஜம். 1933-ல், 11 வயதில். சாப்பாட்டில் இன்னொரு கரண்டி நெய் கேட்டு அம்மா போடவில்லை, அந்தக் கோபத்தில் கிளம்பினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. ஆனால் நெய் வெறும் சாக்கு. பாட்டுப் பித்து அதற்கு முன்பே தலைக்கேறியிருந்தது. சின்ன வயதில் தெருவில் பஜனை கோஷ்டியோ பேண்டு வாத்தியமோ போனால் பின்னாலேயே போய்விடுவாராம். களைத்துப்போய் எங்கேயாவது படுத்துத் தூங்கிவிடுவார். போலீஸ் வரைக்கும் போய்த் தேடிச் சலித்த அப்பா கடைசியில் பையனின் சட்டையில் 'ஜோஷி வாத்தியார் மகன்' என்று எழுதி வைத்துவிட்டார். கண்டெடுத்தவர்கள் சட்டையைப் படித்து வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள்.

கிளம்ப வைத்தது ஒரு இசைத்தட்டு. அப்துல் கரீம் கான் பாடிய, ஜிஞ்ஜோட்டி ராகத்தில் அமைந்த "பியா பின் நஹீ ஆவத் சைன்". அதை ஒரு கடையில் கேட்டார், இந்த மாதிரி பாட வேண்டும் என்று முடிவு செய்தார். உள்ளூரில் குர்தகோட்டி சன்னப்பாவிடம் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தார், அது போதவில்லை. குரு வடக்கே இருப்பார், குறிப்பாக குவாலியரில் இருப்பார் என்று எண்ணம். டிக்கெட் வாங்கக் காசில்லை. ரயிலில் பாடிக்கொண்டே போனார். பயணிகள் சில்லறை கொடுத்தார்கள், சில டிக்கெட் பரிசோதகர்கள் பாட்டைக் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். குவாலியரில் சரோத் மேதை ஹாஃபிஸ் அலி கானின் உதவியால் மாதவ் இசைப்பள்ளியில் இடம் கிடைத்தது. பிறகு கல்கத்தா, பிறகு ஜலந்தர்.

கல்கத்தாவில் நடிகர் பஹாடி சன்யால் வீட்டில் எடுபிடி வேலை செய்தார். பல வருடம் கழித்து ஜோஷி பெரிய பாடகரான பிறகு அதே சன்யால் கச்சேரி கேட்க வந்தார். உங்கள் வீட்டில் வேலை செய்த பையன் நான்தான் என்று ஜோஷி சொல்லும்வரை அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

ஊரெல்லாம் சுத்திட்டு, கடைசியில குரு பக்கத்து ஊர்லயே இருந்தாராமே?

ஆமாம். ஜலந்தரில் ஹரிவல்லப் இசை விழா ரொம்பப் பழைய விழா. அந்த ஊரில் மங்கத் ராம் என்பவரிடம் ஹிந்துஸ்தானியின் பழைய பாணியான துருபத் கற்றுக்கொண்டிருந்தபோது, விழாவுக்குப் பாட வந்த வினாயகராவ் பட்வர்தன் இந்தப் பையனைப் பார்த்தார். உன் ஊர்ப் பக்கத்திலேயே சவாய் கந்தர்வா இருக்கிறாரே, இவ்வளவு தூரம் எதற்கு வந்தாய் என்று கேட்டார். அப்பாவும் தேடிக்கொண்டு வந்து ஊருக்கு அழைத்துப் போனார்.

ஹூப்ளிக்குப் பக்கத்தில் உள்ள குந்த்கோலில் இருந்த சவாய் கந்தர்வாவின் இயற்பெயர் ராம்பாவ். அவர் அப்துல் கரீம் கானின் நேர்ச் சீடர், மராத்தி மேடையில் பெண் வேடம் கட்டிப் புகழ் பெற்றவர். 1936-ல் ஜோஷி அவர் வீட்டில் போய்த் தங்கினார். தண்ணீர் சுமப்பது, வீட்டு வேலை செய்வது, மற்றவர்கள் கற்பதைக் காதால் வாங்குவது என்று முதல் பல மாதங்கள் போயின. பாடம் என்று தொடங்கியபோது கற்பித்தது முக்கியமாக மூன்று ராகங்கள்: காலையில் தோடி, பிற்பகலில் முல்தானி, மாலையில் பூரியா. அதே மூன்றை, நாள் முழுக்க, வருடக்கணக்கில்.

ஓடிப்போன கதையை எல்லோரும் ஆசையாகச் சொல்கிறோம். என் கணக்கில் அது சின்ன விஷயம். அந்தக் காலத்தில் பாட்டுக்காக வீட்டை விட்டு ஓடிய பையன்கள் எத்தனையோ பேர். குந்த்கோலில் அலுக்காமல் உட்கார்ந்தாரே, அங்கேதான் பீம்சேன் ஜோஷி உருவானார். அவர் குரல் பிறவியில் வந்த குரல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கரகரப்பான, உடைகிற குரலாகத்தான் இருந்தது. சாதகம் செய்தே அதை அப்படி ஆக்கினார். அதே காலத்தில் கங்குபாய் ஹங்கல் ஹூப்ளியிலிருந்து ரயிலில் வந்து அதே குருவிடம் கற்றுக்கொண்டிருந்தார். இருட்டிய பிறகு அவரை ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விடுவதும் இந்தப் பையனின் வேலைகளில் ஒன்று.

"கிரானா கரானா"ன்னு போட்டிருக்கே, அச்சுப்பிழையா?

இல்லை. கரானா என்றால் குரு பரம்பரையால் வந்த பாணி. கிரானா என்பது உத்தரப் பிரதேசத்தில் உள்ள கைரானா என்ற ஊரால் வந்த பெயர். அப்துல் கரீம் கானின் சொந்த ஊர். குவாலியர், ஆக்ரா, ஜெய்ப்பூர் அத்ரோலி என்று வேறு கரானாக்களும் உண்டு. கிரானாவின் அடையாளம் சுரத்தை நிறுத்திப் பாடுவது. தாளக் கணக்கைவிட, ஒரு சுரம் எந்த இடத்தில் சுருதியோடு ஒட்டிக்கொள்கிறது என்பதில்தான் அவர்கள் கவனம்.

அப்படின்னா அப்துல் கரீம் கான்கிட்ட நேரா கத்துக்கிட்டாரா?

இல்லை. கான் சாஹிப் 1937 அக்டோபர் 27 அன்று காலமானார். அப்போது ஜோஷிக்கு 15 வயது, குந்த்கோலில் குருவின் வீட்டில் இருந்தார்.

கான் சாஹிப் உயிர் பிரிந்த இடம் நம் செங்கல்பட்டுப் பக்கம் உள்ள சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையம். சென்னைக்கு வந்தவர் பாண்டிச்சேரிக்குப் போகும் வழியில் நெஞ்சு வலி வந்து அங்கே இறங்கிவிட்டார். கர்நாடக சங்கீதத்தில் அவருக்கு நிஜமான ஈடுபாடு இருந்தது. கரஹரப்பிரியாவில் தியாகராஜரின் "ராம நீ சமானமெவரு"வை இசைத்தட்டில் பாடியிருக்கிறார். ஹிந்துஸ்தானி கச்சேரியில் அவர் சுரம் பாடிய விதத்தில் தெற்கின் தாக்கம் உண்டு என்பார்கள். வினோதம் என்னவென்றால், ஜோஷி சுரம் பாடுவதை அபூர்வமாகத்தான் செய்தார்.

அரை மணி நேரமா ஒரே வரியையே பாடுறார். பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பதுதான் பாட்டு, அது ஆரம்பித்து அரை மணி ஆகிவிட்டது. கயால் என்பது ஹிந்துஸ்தானி வாய்ப்பாட்டின் முக்கிய வடிவம். மெதுவான நடையில் வரும் இதற்குப் பெயர் விளம்பித் கயால், 'படா கயால்' என்றும் சொல்வார்கள். சாகித்யம் மொத்தமே நாலைந்து வரிதான். ஏக்தாலில் 12 மாத்திரை, மிக மெதுவான நடை, ஒரு சுற்று முடிய முக்கால் நிமிடம்கூட ஆகலாம். அந்தச் சுற்றுக்குள் பாடகர் ராகத்தை விரிக்கிறார். சுற்று முடிகிற நேரத்தில் பல்லவியின் முதல் சொற்களைப் பிடித்துக்கொண்டு 'சம்' என்கிற முதல் தட்டில் வந்து இறங்குகிறார். நம்மூரில் ஆலாபனை, நிரவல், கீர்த்தனை என்று தனித்தனியாக வருவது இங்கே தாளத்துக்குள்ளேயே ஒன்றாகக் கலந்து வருகிறது.

தோடியை வைத்துப் பாருங்கள். ஜோஷி முதல் சில நிமிடங்கள் கீழ் ஸ்தாயியை விட்டு அநேகமாக ஏறவே மாட்டார். ரிஷபத்தைத் தொடுவார், காந்தாரத்தைக் காட்டிவிட்டு இறங்கிவிடுவார். காந்தாரத்தில் நிலையாக நிற்பதற்கே நம்மைக் காக்க வைப்பார். பிறகு தைவதம், நிஷாதம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து மேல் சட்ஜத்துக்கு வரும்போது சபையில் ஒரு அசைவு தெரியும். பதிவுகளிலும் அது கேட்கும். அதற்கப்புறம்தான் தானங்கள், 'ஆ' என்று வேகமாகச் சுழன்று வரும் பிருகாக்கள். கடைசியில் 16 மாத்திரை தீன்தாலில், வேகமான நடையில் துரித கயால். "லங்கர் காங்கரியா ஜீ ந மாரோ" அவர் தோடியில் விரும்பிப் பாடிய துரிதப் பாட்டு. குறும்புக்காரா, கல்லெறியாதே என்று கண்ணனிடம் சொல்கிற வரி.

என் யோசனை ஒன்றுதான். முதல் பதினைந்து நிமிடம் தாளத்தைக் கணக்குப் போடாதீர்கள். 'சம்' வருகிற இடத்தில் தபலாக்காரரின் தட்டு தானாகவே காதில் விழும்.

நமக்குத் தெரிஞ்ச ராகம் ஏதாவது பாடியிருக்காரா?

நிறைய. மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். யமன் நம் கல்யாணி. சுத்த கல்யாண் நம் மோகன கல்யாணிக்குப் பக்கத்தில் வரும். பீம்பலாசி ஆபேரியை நினைவூட்டும். பூரியா தனஸ்ரீக்குச் சுரங்கள் நம் பந்துவராளியின் சுரங்கள். ஆபோகி இங்கிருந்தே அங்கே போனது.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன தோடி நம் தோடி இல்லை. சுரங்களைப் பார்த்தால் சுபபந்துவராளி. சுரம் ஒன்று என்பதற்காக நம் கமகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

ஏன் இப்படிக் கையை வீசி, முகத்தைக் கோணி, உடம்பை முறுக்கிப் பாடுறார்?

வீடியோ பார்த்துவிட்டுக் கேட்பார்கள். தானம் அடிவயிற்றிலிருந்து, அடுத்த மூச்சு எடுக்காமல் இரண்டு மூன்று ஸ்தாயி ஓடி வருகிறது. உடம்பும் கூடவே போகிறது. சிலருக்கு அது இடைஞ்சலாக இருப்பது உண்மைதான். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நான் கண்ணைத் திறந்துதான் பார்ப்பேன். அடுத்த தானம் எங்கே திரும்பப் போகிறது என்பது அந்தக் கையிலேயே தெரிந்துவிடும்.

சினிமாப் போட்டியில மன்னா டேகிட்ட தோத்துப்போனாராமே?

கதையில் தோற்றார். 1956-ல் வந்த பசந்த் பஹார் படத்தில், சங்கர் ஜெய்கிஷன் இசையில், பசந்த் ராகத்தில் "கேதகீ குலாப் ஜூஹீ". தர்பார் போட்டியில் கதாநாயகனுக்கு மன்னா டே குரல், தோற்கிற வித்வானுக்கு ஜோஷியின் குரல். பீம்சேன் ஜோஷியை நான் ஜெயிப்பதா என்று பயந்து, பாட்டுப் பதிவு முடியும்வரை ஊரை விட்டுப் போய்விடலாம் என்று மனைவியிடம் சொன்னதாக மன்னா டேயே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்புறம் தேற்றிக்கொண்டு வந்து பாடினார், நன்றாகவே பாடினார்.

ஜோஷி சினிமாவில் பாடியது கொஞ்சம்தான். கன்னடத்தில் சந்தியா ராகா, ஹிந்தியில் பீர்பல் மை பிரதர், அங்கஹீ. இதில் 1985-ல் வந்த அங்கஹீக்காக அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது கிடைத்தது.

பெரிய வித்வான் அபங்கம், பஜன்னு இறங்கிப் பாடலாமா?

'இறங்கி' என்கிற சொல்லை அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். 'சந்தவாணி' என்ற பெயரில் முழு நிகழ்ச்சியாகவே அபங்கங்கள், அதாவது மராத்தி பக்திப் பாடல்கள் பாடினார். "தீர்த்த விட்டல க்ஷேத்ர விட்டல" மகாராஷ்டிரத்தில் இன்றும் வீட்டுக்கு வீடு ஒலிக்கிறது. கன்னடத்தில் புரந்தரதாசரின் "பாக்யத லக்ஷ்மி பாரம்மா"வும் அப்படித்தான். கயால் பக்கமே வராத ஜனங்கள் அவர் பெயரைத் தெரிந்துகொண்டது இவற்றால்தான். பஜனை கோஷ்டி பின்னால் ஓடிய பையன் கதையை மேலே சொன்னேன், அந்தப் பையன் பாடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பாடினது முழுக்க கிரானா பாணிதானா? வேற மாதிரியும் கேக்குதே.

காது சரியாகத்தான் சொல்கிறது. சுரத்தை நிறுத்துவது கிரானா. ஆனால் தானங்களின் வேகமும் முரட்டு அழகும் அப்துல் கரீம் கானிடம் இல்லாதவை. கேசர்பாய் கேர்கர், அமீர் கான், படே குலாம் அலி கான் என்று பிடித்த பாடகர்களிடமிருந்தெல்லாம் ஜோஷி எடுத்துக்கொண்டார், அதை மறைக்கவும் இல்லை. சுத்த கிரானா வேண்டும் என்கிறவர்கள் ஃபிரோஸ் தஸ்தூரைக் கேட்கலாம். அவரும் சவாய் கந்தர்வாவின் சீடர். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே குருவிடமிருந்து எவ்வளவு வெவ்வேறாக வரமுடியும் என்பது புரியும்.

இருந்தாலும் அதே பத்துப் பதினைந்து ராகத்தைத்தானே திருப்பித் திருப்பிப் பாடினார்?

இது நியாயமான குறை. விமர்சகர்களும் சொன்னதுதான். அபூர்வ ராகம் தேடுகிறவர்களுக்கு மல்லிகார்ஜுன் மன்சூர் பொருத்தமானவர். ஜோஷி கலாஸ்ரீ, லலித் பட்டியார் போன்ற ராகச் சேர்க்கைகளைப் பாடியிருக்கிறார் என்றாலும், மேடையில் திரும்பத் திரும்ப வருவது தோடி, லலித், முல்தானி, பூரியா தனஸ்ரீ, சுத்த கல்யாண், தர்பாரி, மால்கௌன்ஸ்தான்.

மூன்று ராகத்தை வருடக்கணக்கில் படித்த பையன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். புதிது தேடுவது அவர் வேலையாக இருக்கவில்லை. ஒரே ராகத்தின் 1960களின் பதிவையும் 1980களின் பதிவையும் கேட்டால் வித்தியாசம் தெரியும். இளமையில் தானம் அள்ளிக்கொண்டு போகும், பின்னாளில் காந்தாரத்தில் நிற்கிற நேரம் நீண்டுவிட்டது. கச்சேரிகள் குவிந்த காலத்தில் இயந்திரமாகப் பாடிய நாட்களும் உண்டு, அப்படிப்பட்ட பதிவுகளும் கிடைக்கின்றன. ஊர் ஊராக விமானத்தில் பறந்து பாடியதால் மராத்தி எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே, குருவின் பெயரை வைத்து விளையாடி, அவருக்கு 'ஹவாயி கந்தர்வா', அதாவது ஆகாய கந்தர்வர் என்று பெயர் வைத்தார். காரும் தானே ஓட்டுவார், இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு போய்ப் பாடுவார், பழுது பார்க்கவும் தெரியும்.

குடிப்பார், ரெண்டு கல்யாணம்னெல்லாம் சொல்றாங்களே?

இரண்டும் ரகசியமில்லை. குடிப் பழக்கத்தால் கச்சேரிகள் கெட்ட காலம் இருந்தது. 1970களின் இறுதியில் அதை விட்டுவிட்டார். 1944-ல் சுனந்தாவையும், 1951-ல் தன்னோடு கன்னட நாடகத்தில் நடித்த வத்சலாவையும் மணந்தார். இரண்டு குடும்பங்களிலும் பிள்ளைகள் உண்டு. அதற்கு மேல் நமக்கு என்ன வேலை?

புனேயில டிசம்பர்ல நடக்குமே, அந்த விழாவுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

சவாய் கந்தர்வா 1952-ல் மறைந்தார். அடுத்த வருடமே குருவின் நினைவாக அவர் பெயரிலேயே ஜோஷி அந்த இசை விழாவைத் தொடங்கினார். கலைஞர்களை அழைப்பதிலிருந்து எல்லா வேலைகளிலும் முன்னின்று பல பத்தாண்டுகள் நடத்தினார், கடைசி நாள் முடிவில் அவரே பாடுவார். ஒரு காலத்தில் விடிய விடிய நடக்கும். இரவு ஒலிபெருக்கிக் கட்டுப்பாடு வந்தபின் அது நின்றது. அதனால் விடியற்கால ராகங்களுக்கு அங்கே இடம் குறைந்துபோனது எனக்கு இன்றும் வருத்தம். அவர் காலமான பிறகு விழாவின் பெயர் சவாய் கந்தர்வா பீம்சேன் மஹோத்சவ் என்று ஆனது.

பாலமுரளியோட சேர்ந்து பாடியிருக்காராமே, அது எப்படி இருக்கும்?

பல மேடைகளில் ஜுகல்பந்தி, அதாவது இருவர் சேர்ந்து செய்யும் கச்சேரி, பாடியிருக்கிறார்கள். இருவருக்கும் நல்ல நட்பு. ஒருவர் பாடும்போது இன்னொருவர் ரசிப்பதைப் பார்ப்பதே சந்தோஷம். ஆனால் உண்மையைச் சொன்னால், இருவரையும் தனித்தனியாகக் கேட்பதே எனக்குப் பிடிக்கும். ஜோஷி ஒரு ராகத்தைத் திறந்து வைக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஜுகல்பந்தி தருவதில்லை.

பாரத ரத்னா கொடுத்தாங்களே, எப்ப?

2008-ல் அறிவித்தார்கள். ஹிந்துஸ்தானி வாய்ப்பாட்டுக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. உடல்நிலை காரணமாக புனே வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பத்மஸ்ரீ 1972, பத்ம பூஷண் 1985, பத்ம விபூஷண் 1999. காலமானது 2011 ஜனவரி 24.

சரி, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? அவருக்கப்புறம் யாரைக் கேக்கலாம்?

1960களில் வந்த எல்பி தட்டுகளில் தொடங்கலாம். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய என்பதால் எல்லாம் சுருக்கமாக இருக்கும். சுத்த கல்யாண், லலித் இரண்டும் போதும். பிடித்தால் அதே ராகங்களின் கச்சேரிப் பதிவுக்குப் போங்கள், ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு. சாயங்கால ராகத்தைச் சாயங்காலத்திலும் காலை ராகத்தைக் காலையிலும் கேட்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் குற்றமில்லை.

சீடர்களில் மாதவ் குடி, ஸ்ரீகாந்த் தேஷ்பாண்டே இருவரும் மறைந்துவிட்டார்கள், பதிவுகள் இருக்கின்றன. இன்று பாடுகிறவர்களில் ஆனந்த் பாட்டே, மகன் ஸ்ரீநிவாஸ் ஜோஷி இருவரையும் கேட்கலாம். பாட்டேயின் குரலில் தனி மென்மை உண்டு. ஜோஷியின் தானத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள், பாட்டே சுரத்தில் நிற்பதைக் கவனியுங்கள்.